எந்த நாட்டு மீட்டர்?

பழைய வண்டிச் சாமான் விற்கும் சந்தையில், காஜா பாய் கடைப் பலகைமேல் ஓர் ஆயில் மீட்டர் இருந்தாள். எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று முள்ளைத் தூக்கிக் காட்டுவதுதான் அவள் வேலை. பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். முதுகில் ஒரு செப்புக் குழாயை மாட்டினால் போதும்.

அவள் முகத்தில் இருந்த கம்பெனிப் பெயர் மட்டும் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அன்றைக்கு அதுதான் வம்பானது.

"இப்ப ஒரு சார் வர்றாரு. பழைய கார் சேர்க்கிறவரு. வெளிநாட்டுச் சாமான்னா எடுத்துக்குவாரு, இல்லைன்னா இது சாயங்கால லாரியில உருக்கப் போறதுதான்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, காஜா பாய் டீ குடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் விசாரணை தொடங்கியது. தலைமை தாங்கியது பித்தளைப் பெயர்த்தகடு. அதன் கார் என்றைக்கோ உருகிப்போயிருந்தாலும் மிடுக்கு மட்டும் உருகவில்லை.

"நீ எந்த நாடு?"

"தெரியாதுங்க. பல வண்டியில இருந்தேன். கெட்டுப்போனப்போ எல்லாம் கையில கிடைச்சதைப் போட்டுச் சரிபண்ணாங்க."

ஸ்பேனர் அவள் முதுகை அளந்தான். "குழாய் மாட்டுற மரை அங்குலக் கணக்கு. இங்கிலாந்துக்காரி!"

"முள்ளைப் பிடிச்சிருக்கிற திருகு மில்லிமீட்டராச்சே? ஜெர்மனி!" என்று அலறியது ஹாரன். அதற்கு மெதுவாகப் பேச வராது.

"கண்ணாடி உள்ளூர். பெயின்ட் உள்ளூர். எனக்கு அப்பவே தெரியும்" என்று மூக்கைச் சுளித்தது பெயர்த்தகடு.

மீட்டருக்குச் சுருக்கென்று வந்தது. "முகத்தைப் படிச்சாச்சு, முதுகையும் அளந்தாச்சு. வேலை தெரியுமான்னு ஒருத்தர் கேட்டீங்களா? ஆமா, நீங்க இப்ப எந்தக் கார்ல இருக்கீங்க?"

ஹாரன் சிரித்த சிரிப்பில் பலகையே அதிர்ந்தது.

அதற்குள் காஜா பாய் டீ குடித்துத் திரும்பினார்; கார் சேர்க்கும் தியாகேசன் சாரும் வந்துவிட்டார். அவருடைய கார் லாரிமேல் ஏறி வந்து இறங்கியது. முகம் பார்த்துத் தலைசீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"எந்த நாடு பாய் இது?" என்றார் மீட்டரைப் புரட்டிப் புரட்டி.

"பேரு அழிஞ்சிடுச்சு சார். மாட்டிப் பார்த்துடுவோம்."

பாய் குழாயைப் பூட்டினார். கார் உறுமியது. மீட்டர் யோசித்தாள். முள்ளைக் கொஞ்சம் தூக்கினால் போதும், இந்தக் காரிலேயே வீடு போய்ச் சேரலாம். தூக்காவிட்டால் உலை. ஆனால் குழாய் வழியாக ஒரு சொட்டு எண்ணெயும் வரவில்லையே! வராததை வந்ததாக எப்படிச் சொல்வது? முள்ளைப் பூஜ்யத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"சே! லோக்கல் சரக்கு!" என்றார் தியாகேசன். "வெளிநாட்டு மீட்டர்னா இந்நேரம் முள்ளு சும்மா ஜிவ்வுன்னு ஏறியிருக்கும். கழட்டுங்க பாய்!"

"கேட்டியா?" என்றது பெயர்த்தகடு.

காஜா பாய்க்கு என்னவோ உறைத்தது. "முதல்ல எஞ்சினை நிறுத்துங்க சார்!" என்று கத்தினார். பானெட்டைத் தூக்கி, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். காய்ந்து கிடந்தது.

"வெளியில மெழுகு போட்டுத் தேய்ச்சீங்களே சார், உள்ளே ஆயில் ஊத்துனீங்களா?"

தியாகேசன் திருதிருவென்று விழித்தார். "டிரைவர் ஊத்தியிருப்பான்னு..."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா எஞ்சினே இறுகி நின்னுருக்கும். இந்த மீட்டர் சொன்னதாலதான் தப்பிச்சீங்க."

எண்ணெய் ஊற்றினார்கள். மறுபடி கார் உறுமியது. செப்புக் குழாய்க்குள் எண்ணெய் குபுகுபுவென்று ஏறி வந்து அவளைத் தொட்டது. எத்தனை காலமாயிற்று! முள் துள்ளி எழுந்து நடுவில் வந்து நின்றது.

ஸ்பேனர் வாயைப் பிளந்தான். பெயர்த்தகடு வேறு பக்கம் பார்த்தது.

தியாகேசன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மீட்டரைப் பெருமையோடு தட்டிக்கொடுத்தார்.

"என்ன துல்லியம் பார்த்தீங்களா பாய்! நான்தான் வந்ததுமே நினைச்சேனே, இது வெளிநாடேதான்!"

மீட்டருக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. முள் கிடுகிடுவென்று ஆடியது.

"எஞ்சின் ஆட்டம் சார். போகப் போகச் சரியாயிடும்" என்றார் காஜா பாய்.