பூட்டிய வீட்டின் படிவம்

வறுமையை ஆராயும் ஒரு நிறுவனத்தின் இரும்பு பீரோவில் நாற்பது கணக்கெடுப்புப் படிவங்கள் காலம் தள்ளிக்கொண்டிருந்தன. கரும்பு வெட்டுகிறவர்களின் காலனிக்குப் பால்வாடி வேண்டுமா வேண்டாமா என்று பதினெட்டு வருடம் முன்பு கேட்டுவரப் போனவை அவை. பொழுது போகாவிட்டால் பழங்கதைதான். ஒன்றின் மூலையில் ஏதோ குழந்தை கைவைத்த குழம்புக்கறை இருந்தது. அதைக் காட்டிக் காட்டியே அது மற்றவற்றின் உயிரை வாங்கும்.

பதினேழாம் படிவம் வாய் திறக்காது. அதில் இருந்தது 'வீடு பூட்டியுள்ளது' என்ற ஒரே வரி. சும்மா ஊர் பார்க்க வந்த ஆள் என்று நிறைய எழுதப்பட்டவை அதைக் கிண்டல் செய்யும். ஆனால் அந்தப் பயணத்தை அதைப்போல நினைத்து ஏங்கிய படிவம் வேறில்லை. கணக்கெடுக்க வந்த பிலோமினாவின் கக்கத்தில் இடுங்கிக்கொண்டு வரப்பில் போன காலை, காய்ந்த கரும்புத் தோகையின் வாசம், எல்லாம் அதற்கு அப்படியே நினைவிருந்தது. நினைத்தால் மனசு நிறையும். உடனே கனத்தும் போகும்.

அன்று மணி பதினொன்று. காசாம்பு என்பவளின் வீட்டுக் கதவில் பூட்டுதான் இருந்தது.

"வீட்ல யாரும் இல்லையாண்ணே?" என்று கேட்டது படிவம்.

"காசாம்பு கரும்பு வெட்டப் போயிருக்குது. நாலு வயசுப் பொண்ணு உள்ள தூங்குது, தம்பி. வாய்க்காலாண்ட போயிடப் போவுதுன்னு வச்சிப் பூட்டிட்டுப் போவுது. பால்வாடி இருந்தா எனக்கு ஏன் இந்தப் பொழப்பு?" என்றது பூட்டு.

படிவம் பதறிப்போனது. அது பதறி என்ன செய்ய, பிலோமினாவின் காதில் விழவா போகிறது? வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போவதுதான் கணக்கெடுப்பவர்களின் வழக்கம். அவள் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தாள். பகலில் திறந்திருந்த வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அதனால் அறிக்கை வெகு அழகாக வந்தது. காலனிக்குப் பால்வாடி தேவையில்லை என்றது.

பதினெட்டு வருடம் கழித்து நூருன்னிசா என்ற புது ஆராய்ச்சியாளர் பீரோவைத் திறந்தாள். நிறைய எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு வெறுமையாக இருந்தவற்றை எண்ணினாள்.

"நாப்பதுல இருபத்திரண்டு வீடு பூட்டியிருக்கு சார்" என்றாள் மேலதிகாரியிடம். "அவங்கள கேக்காமலே அவங்களுக்கு வேண்டாம்னு எழுதிட்டோம்."

மறுநாள் பதினேழாம் படிவத்தை எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே காலனிக்குப் போய்விட்டாள். படிவத்துக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே அதே கதவு, அதே பூட்டு, கொஞ்சம் துரு. வேலைக்கு ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள் என்பது நூருன்னிசாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவள் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. ஆள் வரட்டும் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காசாம்பு இன்னுமா வெட்டுக்குப் போகுது?" என்று கேட்டது படிவம்.

"அது செத்து ரெண்டு வருசம் ஆவுது, தம்பி."

உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது.

"அப்ப இது யார் புள்ளண்ணே?"

பூட்டு சொன்னது:

"அன்னிக்கு உள்ள தூங்குச்சே, அந்தப் பொண்ணோட புள்ள. இப்ப அவதான் வெளிய நின்னு என்னைப் பூட்டிட்டுப் போறா."