முதலாளியின் இடுப்புக் கட்டி

தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. மில் முதலாளி தர்மலிங்கத்துக்குச் சட்டமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். துப்பாக்கியை இடுப்பில் செருகி, ஜிப்பாவால் மூடிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்.

அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசல் காவலாளி சுயம்பு அதைச் சொன்னான்.

"சட்டையோடதான் போவேன். தடுத்தா உன் வேலை போயிரும்."

"இடுப்புல என்னமோ புடைச்சிருக்கே, முதலாளி?"

"கட்டிடா. அதான் கழத்த முடியல."

சுயம்பு பதறிப்போய், வரிசையில் வெற்று மார்போடு நின்ற ஒருவரைக் கூப்பிட்டான்.

"சார், முதலாளிக்கு இடுப்புல கட்டியாம். கொஞ்சம் பாருங்க."

அவர் வந்து ஜிப்பாவைத் தூக்கினார். துப்பாக்கியை உருவி எடுத்தார்.

"எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு," என்று சீறினார் முதலாளி. "நீ யாருய்யா கேக்க?"

"லைசென்ஸ் இனிமே இருக்காது. கேஸ்தான் இருக்கும்" என்றவர், காவலாளி பக்கம் திரும்பினார்.

"சுயம்பு, என் காக்கிச் சட்டையை எடுத்துக் குடுப்பா."