மணக்க மறுத்த வேர்

ஒரு மலைக்காட்டில், புங்க மரத்தடியில், ஒரு நன்னாரிக் கொடி இருந்தது. அதன் பூவை யாரும் சட்டை செய்வதில்லை. மிளகு அளவுதான் இருக்கும், வாசனையும் கிடையாது. மணமெல்லாம் மண்ணுக்குள் இருந்த வேரிடம்தான். அதனால் வெட்டுப்படுவதும் வேர்தான்.

கோடை பிறந்தால் சர்பத்துக்கு நன்னாரி வேண்டும். மலைப் பெண்கள் கடப்பாரையோடு வருவார்கள். வேரை நகத்தால் சுரண்டி முகர்வார்கள். மணம் வந்தால் வெட்டிக்கொள்வார்கள். ஆனால் கொடியின் தூரில் கட்டைவிரல் நீளம் விட்டு, மண்ணை மூடிவிட்டுத்தான் போவார்கள். அது அவர்கள் வழக்கம். மிச்சத்திலிருந்து வேர் மறுபடி வளர வேண்டும். ஐந்து கோடை இப்படியே போயிற்று.

“எனக்கு அலுத்துவிட்டது,” என்றது வேர். “தவளை தன் வாயால் கெடும். நான் மணத்தால் கெடுகிறேன். இந்த வருஷம் மணக்கப் போவதில்லை.”

“அப்புறம் நம்மை யார் மதிப்பார்கள்?” என்றது பூ.

“உன்னை இப்போது யார் மதிக்கிறார்கள்? நிம்மதியாகத்தானே இருக்கிறாய்.”

பூவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உண்மை உண்மைதானே.

சித்திரையில் பொம்மியும் மாதியும் வேர் தோண்ட வந்தார்கள். இலை நடுவே ஓடிய வெள்ளைக் கோட்டைப் பார்த்து, நன்னாரிதான் என்று பொம்மி தோண்டினாள். வேர் மூச்சை அடக்கிக்கொண்டது. அவள் சுரண்டினாள், முகர்ந்தாள், மறுபடியும் முகர்ந்தாள்.

“மாதி, இதுல வாசமே இல்லடி.”

“அப்ப இது நன்னாரி இல்லக்கா, ஏதோ கள்ளக்கொடி. எலையப் பாத்து ஏமாந்துட்ட. தூரோட புடுங்கி எறி. பக்கத்துக் கொடிக்காவது எடம் கெடைக்கும்.”

பொம்மி கொடியின் தூரை இரண்டு கையாலும் பிடித்தாள். ஐந்து கோடையிலும் யாரும் கைவைக்காத இடம் அது. வெட்டுவது வேறு, பிடுங்குவது வேறு என்பது வேருக்கு அப்போதுதான் உறைத்தது.

“வீம்புக்கு இதுவா நேரம்?” என்று பூ அழுதது.

அடக்கிவைத்திருந்த மணத்தையெல்லாம் வேர் ஒரே மூச்சில் வெளியே விட்டது. பொம்மியின் கை நின்றது.

“அடியே மாதி, நல்ல கொடியடி இது. கொல்லப் பாத்தனே, பாவி.”

வழக்கம்போல வெட்டிக்கொண்டு, மண்ணை மூடி, கையால் அழுத்திவிட்டுப் போனாள்.

“பிழைத்துக்கொண்டோம்,” என்றது பூ.

“ஆமாம்,” என்றது மிச்சமிருந்த வேர். “இனி வளர்ந்து தொலைக்க வேண்டும்.”