கிருபாபுரத்து அடுப்புக்கல்

கிருபாபுரத்துக் கல் சபைப் போதகர் அருமைநாயகம் ஐயரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் அசனப் பண்டிகை நாளில், பிற்பகல் மூன்று மணிக்கு. மூன்று ஊர் சனமும் சாப்பிட்டு எழுந்திருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டார்கள். ஐயர் தோள் துண்டை நாலாக மடித்துக் கல்லின்மேல் போட்டு, அதில் உட்கார்ந்து, மடியில் இலையை வைத்துக்கொண்டு கடைசி ஆளாகச் சாப்பிட்டார்.

"என்னவே, இன்னும் இப்படிச் சுடுதீரு?" என்று கல்லைத் தட்டிக் கேட்டார்.

"அறுநூறு பேருக்கு வெந்த சோறு, ஐயரே. சுடாமல் என்ன செய்யும்?" என்றது கல்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, இலையை வழித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதம் இறந்துபோனார்.

அந்தத் தேரிக்காட்டில் தோண்டத் தோண்டச் செம்மணல்தான் வரும், கல் கிடையாது. ஆகவே கிருபாபுரம், மணல்விளை, உடையடி என்ற மூன்று ஊர்களும் சேர்ந்து ஒரே சேகரமாகி, ஒரே கோயிலையும் ஒரே ஐயரையும் வைத்துக்கொண்ட காலத்தில், ஊருக்கு ஒரு கல்லாக மேற்கு மலையடிவாரத்திலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் குழி வெட்டி, மூன்றையும் அடுப்பாகக் கூட்டி, மேலே செம்புக் கிடாரத்தை ஏற்றினார்கள். வீடுவீடாகப் பிடி பிடியாகச் சேர்த்த அரிசி, வருஷத்தில் ஒரு நாள் அதில் வேகும். மூன்று ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும். அதற்குத்தான் அசனம் என்று பெயர்.

ஐயர் போன துக்கத்தில் சனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். அவர் உட்கார்ந்த கல்லல்லவா என்று கிருபாபுரத்துக் கல்லைப் பெயர்த்தெடுத்து, கரியைத் தேய்த்துக் கழுவி, வழவழப்பான முகத்தில் அவர் பெயரைக் கொத்தினார்கள். கோயில் வாசலில் ஒரு மேடை கட்டி அதன்மேல் நிறுத்தினார்கள். ஞாயிறுதோறும் மாலை விழுந்தது.

கல்லுக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன், மிகவும் பிடித்திருந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை, தலையில் பாரம் இல்லை.

"ஐயரவாளுக்கு ஸ்தோத்திரம்!" என்று கோபுரத்து மணி மேலேயிருந்து கேலி செய்யும். "நேற்றுவரை கரியும் புகையுமாகக் கிடந்தவர், இன்று வெள்ளையும் சொள்ளையுமாக நிற்கிறீர்!"

"உமக்கு வயிற்றெரிச்சல்" என்று கல் பதில் சொல்லும்.

இப்படியிருக்கும்போது பேராயரிடமிருந்து கடிதம் வந்தது. புது ஐயரை அனுப்பும் முன் அவருக்கு ஒரு பதில் வேண்டும். மூன்று ஊரும் ஒன்றாகவே இருக்கப் போகிறீர்களா, அல்லது பிரிந்து அவரவர் பக்கத்துச் சேகரத்தோடு சேர்ந்துகொள்கிறீர்களா? அசனம் முடிந்ததும் கூடிப் பேசி எழுதுங்கள் என்றிருந்தது.

அன்றிலிருந்து வாசலில் நின்ற கல்லின் காதில் சண்டைதான் விழுந்தது. புது ஐயர் எங்கள் ஊரில்தான் குடியிருக்க வேண்டும் என்றது மணல்விளை. அப்படியானால் நாங்கள் வேறு கோயில் பார்த்துக்கொள்கிறோம் என்றது உடையடி. கிருபாபுரத்தார் கல்லைக் கைகாட்டி, "ஐயரே எங்க கல்லுலதான் இருக்கார். உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார்கள். அதைக் கேட்டபோது மட்டும் கல்லுக்கு உள்ளே கொஞ்சம் உறுத்தியது.

அசன நாள் வந்தது. மூன்றாவது கல் இருந்த இடத்தில் ஒன்பது செங்கற்களை அடுக்கியிருந்தார்கள்.

"நீங்கள் யார்?" என்று மணல்விளைக் கல் கேட்டது.

"நாங்கள் இடைக்காலக் கமிட்டி" என்றன செங்கற்கள்.

"சுமப்பீர்களா?"

"முதலில் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். சுமப்பது பற்றி அவர் சொல்லுவார்."

உடையடிக் கல் பெருமூச்சு விட்டது.

உலை கொதித்தது. மேலே இருந்த செங்கல் படாரென்று வெடித்தது. "நான் ராஜினாமா செய்கிறேன்" என்று சொல்லி இரண்டாகப் பிளந்தது. கிடாரம் ஒரு பக்கம் சரிய, கொதிநீர் வழிந்து தீயில் விழுந்தது. ஆட்கள் ஓடிவந்து வளையங்களில் கம்பைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சேகரக் கமிட்டிச் செயலர் தாவீது வேர்த்து நின்றார். "நிறுத்திருவோம். அரிசியை ஊர்வாரியாப் பிரிச்சுக் குடுத்திருவோம். அவங்கவங்க ஊர்ல பொங்கிக்கட்டும். பேராயருக்கும் அப்படியே எழுதிரலாம்."

அடுப்புப் பார்க்கும் மரகதம் அரிசிச் சுளகை அவர் முன்னால் நீட்டினாள். "பிரிச்சுக் குடுங்க அண்ணாச்சி. எது மணல்விளை அரிசி, எது உடையடி அரிசின்னு நீங்க பொறுக்குங்க. நான் பார்த்துக்கிட்டு நிக்கேன்."

நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் அந்த மணல்காட்டில் இன்னொரு அடுப்புக்கல்லுக்கு எங்கே போவது?

"யாராவது வாருங்களேன், இனித் தாங்காது!" என்று கிடாரம் முனகியது வாசல் வரை கேட்டது.

மணி கீழே எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை அதன் குரலில் கேலி இல்லை. "வே, அங்கே உம்முடைய இடம்தான் காலியாகக் கிடக்கிறது."

போனால் மாலை போகும், வெள்ளை போகும், பெயரும் கரியாகும் என்று கல்லுக்குத் தெரியும். ஆனால் நாலாக மடித்த அந்தத் துண்டின் மெத்தென்ற நினைவும் அதற்கு இருந்தது. மேடைக்கு வந்த நாளிலிருந்து ஒருவர்கூடத் தன்மேல் உட்காரவில்லை என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

கல் முன்பக்கமாகச் சாய்ந்தது. மேடை விளிம்பு உடைந்தது. தடதடவென்று படியிறங்கி உருண்டு, மணலில் போய் விழுந்தது.

"ஐயோ, ஐயர் பேருக்கு இழுக்காப் போச்சே!" என்று தாவீது தலையில் கை வைத்தார்.

"என்ன இழுக்கு? அடுப்புக்குப் போகணும்னு அதுவே இறங்கிட்டு. நாலு பேர் பிடிங்க" என்றாள் மரகதம்.

"கரி பிடிச்சிருமே, மரகதம்!"

"ஐயர் கல்லுமேல உக்காந்தாரா, பேருமேல உக்காந்தாரா?"

தாவீது ஒதுங்கி வழிவிட்டார். மணல்விளைக்காரர் இருவரும் உடையடிக்காரர் இருவரும் கல்லைத் தூக்கிவந்தார்கள். அந்தக் குழியில் அது ஒரே வாட்டத்தில்தான் உட்காரும், வழவழப்பான முகம் நெருப்பைப் பார்த்தபடி. பெயர் உள்ளே போயிற்று.

"வாரும் வே. மாலை எங்கே?" என்றது மணல்விளைக் கல்.

"வழியில் விழுந்துவிட்டது."

"சூடு தாங்குவீரா? பழக்கம் விட்டுப்போயிருக்குமே."

"பேச்சை விடும். கிடாரத்தை இறக்கச் சொல்லும்."

கிடாரம் இறங்கியது. கொஞ்சமும் ஆடவில்லை.

இரண்டு மணிக்குப் பந்தி போட்டார்கள். சாப்பிட்ட கையோடு வேம்படியில் கூட்டம் கூடியது. அதிக நேரம் ஆகவில்லை. "நாங்கள் ஒரே சேகரம். ஐயரை அனுப்பிவையுங்கள்" என்று தாவீதுதான் எழுதினார்.

அடுத்த அசனத்துக்குப் புது ஐயர் இருந்தார். கமிட்டியார் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். "பழைய ஐயர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்?" என்று அவர் கேட்டார்.

மரகதம் சோற்று வாளியை அவர் கையில் கொடுத்தாள். "கல்லு ஆறட்டும், ஐயரே. அதுவரைக்கும் பரிமாறுங்க."

கல்லில் கொத்திய எழுத்துகளில் இப்போது 'அரு' மட்டும் தெரிகிறது. மற்றவை கரிக்குள் இருக்கின்றன.