இருபத்தெட்டுச் சங்குப் பால்

அரசியை ராஜா கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் இரண்டே வார்த்தைதான் பேசினாள்.

"பிள்ளையை அழவிடாதீங்க."

நெடுங்கல் பாளையத்து ராஜா செண்பகப் பூபதி அந்த இரண்டு வார்த்தையையும் ஆணையாக்கிவிட்டார். எட்டு மாதத்து இளவரசனின் அழுகுரல் அரண்மனையில் கேட்கக் கூடாது. அப்படிப் பார்த்துக்கொள்ளும் தாதி உடனே வேண்டும். பிள்ளை என்றால் அழத்தானே செய்யும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ராஜாவுக்கும் தோன்றவில்லை. மனைவியை இழந்தவனுக்கு அவள் கடைசியாகச் சொன்னது எதுவானாலும் சரியென்றுதான் படும்.

சபையில் தேர்வு வைத்தார்கள். அறுபது பெண்கள் வந்தார்கள். ஜோசியர் ஜாதகம் பார்த்தார். சங்கீத வித்துவான் தாலாட்டு பாடச் சொல்லி, சுருதி விலகியவர்களைக் கழித்தார். தளவாய் வீரபாகு எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். குதிரை வாங்கிப் பழகியவர். இளவரசனை மட்டும் சபைக்குக் கொண்டுவரவில்லை. தேர்வு நடக்கும்போது சத்தம் போட்டுவிடுவானாம்.

பேச்சி என்று ஒரு சலவைக்காரி. தன் முறை வந்ததும், "பிள்ளையைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்க சாமி. கடைசியா எப்பப் பால் குடிச்சுது?" என்றாள்.

"கேள்வி கேட்க நாங்கள் இருக்கிறோம்" என்று வித்துவான் அவளை வெளியே அனுப்பினார்.

தேறியவள் கனகவல்லி. அப்பழுக்கில்லாத ஜாதகம், இனிய குரல், முப்பத்திரண்டு பல். சிபாரிசு செய்த தளவாயின் மைத்துனியாகவும் இருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை.

அவள் வந்த நாளிலிருந்து அழுகுரல் நின்றது. ராஜா தளவாய்க்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். சபையில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கனகவல்லி மாதிரி ஒருத்தி கிடைப்பாளா என்று ஏங்கினார்கள்.

சபையில் ஆவுடையப்பன் என்றொருவர் இருந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்வது அவர் வேலை. அவர் யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் காலையில் தொட்டில் அறைக்குப் போனார். பிள்ளை தூங்கியது. உச்சிவேளையில் போனார். தூங்கியது. சாயங்காலம் போனார். சன்னலுக்குக் கீழே முரசுக்காரர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் தூங்கியது. கன்னம் ஒட்டி, கை குச்சியாகியிருந்தது.

மறுநாள் சபையில் எழுந்து சொன்னார்.

"மகாராஜா, இளவரசர் அழமாட்டேன் என்கிறார்."

"பிள்ளை அழவில்லை என்று புகார் சொல்லும் முதல் ஆள் நீர்தான் ஓய்!" என்றார் ராஜா.

தளவாய் மீசையைத் தடவினார். "இவருக்குப் பொறாமை மகாராஜா. இவரைப் பார்த்தால் பிள்ளைகள் அழும். அந்தக் குறை."

"பிள்ளை மெலிந்துகொண்டே போகிறது. கனகவல்லியை மாற்றுங்கள்."

அரசி சொன்னதை மீறச் சொல்கிறான் என்று ராஜாவின் முகம் சிவந்தது. "அவள் குற்றத்தை இந்தச் சபை கலைவதற்குள் காட்டும். காட்டாவிட்டால் குடும்பத்தோடு பாளையத்தை விட்டுப் போய்விடும்."

ஆவுடையப்பன் தளவாய் பக்கம் திரும்பினார்.

"தளவாய் அவர்களே, மடைப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டே. நீங்கள் ஏற்படுத்தியதுதான்."

"ஆமாம். சமையல்காரனைச் சிபாரிசு செய்தவன், அவன் சமைத்ததை ராஜாவுக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். விஷபயம்."

"இளவரசர் குடிக்கிற பாலை யார் குடித்துக் காட்டினார்கள்?"

"அது மடைப்பள்ளிக் கணக்கில் வராது ஐயா. தொட்டில் அறைக் கணக்கு."

"இளவரசர் வயிறு எந்தக் கணக்கு?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. "பாலைக் கொண்டுவாருங்கள்" என்றார்.

தொட்டில் அறையில் நாள் முழுவதற்கும் கலந்து வைத்திருந்த குடம் அப்படியே வந்தது. அதன் பின்னால் கனகவல்லியும் ஓடிவந்தாள்.

"இளவரசருக்கு ஒரு வேளைக்கு எத்தனை சங்கு, அம்மா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"ரெண்டு."

நெல் நிறுக்கும் தராசை வரவழைத்தார். ஒரு தட்டில் தளவாய் ஏறி உட்கார்ந்தார். மறு தட்டில், பிள்ளையின் எடைக்குச் சமமாகக் கட்டிய நெல் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். பதினான்காவது மூட்டையில்தான் தளவாய் தரையை விட்டு எழும்பினார்.

"தளவாய் பதினான்கு பிள்ளைக்குச் சமம். ஆக இருபத்தெட்டுச் சங்கு."

"நான் என்ன பால்குடிப் பிள்ளையா? கொடும், குடமாகவே குடிக்கிறேன்!" மைத்துனி பாலில் கலப்பது என்னவென்று தளவாய் அறியாதவர். இல்லாவிட்டால் அவ்வளவு வீறாப்பு வந்திருக்காது.

"அத்தான், வேண்டாம்!" என்று அலறினாள் கனகவல்லி.



"ஏன் வேண்டாம்?" என்றார் ராஜா, மெல்ல.

அவள் வாயைத் திறக்கவில்லை. முப்பத்திரண்டு பல்லும் உள்ளேயே இருந்தன.

"குடியும்" என்றார் ராஜா தளவாயிடம்.

தளவாய் சங்கு சங்காகக் குடித்தார். நான்கில் கொட்டாவி விட்டார். ஆறில் தராசுத் தட்டிலேயே சாய்ந்தார். ஒன்பதாவது சங்கு கையிலிருந்து நழுவியது. சால்வையில் பால் வழிய, வாய் பிளந்து குறட்டை விட்டார்.

"அபின்" என்று முனகினாள் கனகவல்லி. "கொஞ்சமாத்தான் கலந்தேன். அழக்கூடாதுன்னு உத்தரவாச்சே."

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆவுடையப்பன் தராசுப் பக்கம் குனிந்து பார்த்தார்.

"கெட்டிக்காரத் தாதிதான் மகாராஜா. தளவாய் அழவே இல்லை."

ராஜா சிரித்தார். அரசி போனபின் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு முடிகிற இடத்தில் கண் கலங்கிவிட்டது.

கனகவல்லியைக் காவலில் வைத்தார்கள். பேச்சியை அழைத்து வந்தார்கள். அவள் யாரையும் வணங்காமல் நேரே தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். மூன்றாம் நாள் விடியலில் இளவரசன் அரண்மனை அதிர அழுதான். ராஜா வெறுங்காலோடு ஓடி வந்தார். "பசிக்குது, அதான். தள்ளி நில்லுங்க" என்றாள் பேச்சி. ராஜா தள்ளி நின்றார்.

என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு, இனி எந்தத் தேர்விலும் ஜோசியரும் வித்துவானும் இருக்கக் கூடாது என்று ஆவுடையப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தளவாய் விழித்தது பால் குடித்ததற்கு மறுநாள் உச்சிவேளையில். அவர் கணக்கில் இன்னும் பத்தொன்பது சங்குப் பால் பாக்கி இருந்தது.