இரண்டு தெளிந்த தண்ணீர்

மூன்றாவது பஸ்ஸையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார் தவசிமுத்து. தோள்பையை இறக்கினார். மறுபடி மாட்டினார்.

உப்பளத்து வரப்பில் உப்பு வாரும் பலகையோடு நின்ற ஞானத்தாய் சிரித்தாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஏழு வருடமாக, மனசை அடக்க அவர் அவளிடம்தான் பாடம் கேட்கிறார்.

“என்ன அண்ணாச்சி, கண்டக்டர் டிக்கெட் தரமாட்டேங்காரா?”

“கேலி பண்ணாதீயம்மா. அண்ணன் படுக்கையில கெடக்கான். இன்னைக்கோ நாளைக்கோன்னு ஆள் விட்டிருக்காங்க.”

“அப்ப போங்க.”

“அவன் மேல அருவாள ஓங்கினவன் நான். அதோட ஊருப் பக்கமே போகல.”

“இப்பக் கோபம் இருக்கா?”

“துளி இல்ல. ஏழு வருஷத்துல எல்லாம் கரைஞ்சு போச்சு.”

அவர் விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன.

அவள் பாத்தியில் இறங்கினாள். நாளை உப்பு பூக்கவிருந்த தண்ணீரில் ஒரு தம்ளர் மொண்டாள்.

“உப்பு தெரியுதா?”

“இல்ல. தெளிஞ்சு நிக்கி.”

உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை ஓடையில் வடித்துவிடுவார்கள். அதிலும் ஒரு தம்ளர் மொண்டாள்.

“இதுல?”

“இதுலயும் இல்ல.”

“இத அந்த முதல் தம்ளருக்குள்ள ஊத்துங்க.”

ஊற்றினார். தம்ளர் கலங்கியது. மாவைப்போல ஏதோ வெள்ளையாகத் திரண்டு, மெல்ல அடியில் இறங்கியது.

தவசிமுத்து அதை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

“நாம உப்பே போடலியே!”

“முதல் தண்ணி தாங்குற மட்டும் கரைச்சு வச்சிருந்துச்சு. உப்புல உள்ள ஒரு கூறு இந்தக் கசப்புத் தண்ணிக்குள்ளயும் கெடக்கு. அதுவும் வந்து சேர்ந்ததும் முதல் தண்ணியால தாங்க முடியல. உப்ப வெளிய விட்டுருச்சு.”

அவர் தம்ளரைக் கீழே இறக்கினார்.

“எனக்கும் அவனுக்கும் ஒரே கோபம். அப்பா குடுத்தது.”

ஞானத்தாய் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினாள்.

“அவன் மூஞ்சியப் பார்த்தா எனக்கும் இப்படித்தான் இறங்குமா?”

“இறங்கும்.”

“அப்பப் போக வேண்டாங்கீய.”

தூரத்தில் நான்காவது பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“நான் எப்பச் சொன்னேன்?” என்றாள் அவள். “கரைஞ்சு கெடக்கிற உப்ப எந்தப் பலகையால வாருவீய அண்ணாச்சி?”

தவசிமுத்து தம்ளரைச் சாய்த்து, மேலே நின்ற தண்ணீரை மட்டும் மெதுவாக வடித்தார். அடியில் இருந்ததை வரப்பில் காயவைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்.