படகுத்துறையில் குஞ்சிதபாதம்

தையல்நாயகி அம்மாவின் தியான மடம் மாயவரத்துக்கு வெளியே, காவிரிக் கரையை ஒட்டி இருந்தது. சீடர்கள் சிலர்தான். அவர்களில் மூத்தவர் குஞ்சிதபாதம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் குருவுக்கும் மூத்தவர்.

ஒரு நாள் லாவோஸ் நாட்டிலிருந்து மடத்துக்குத் தொலைபேசி வந்தது. அங்கே ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் சிறிய பிக்குணி மடம் ஒன்று உண்டு. அதன் மூத்த பிக்குணியும் அம்மாவும் இளமையில் புத்தகயாவில் ஒரு குளிர்காலம் முழுவதும் அருகருகே அமர்ந்து தியானம் செய்தவர்கள். மூத்த பிக்குணி படுத்த படுக்கையாகிவிட்டார், கண் மூடுவதற்குள் அம்மாவை ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொன்னார்கள்.

அம்மா அதுவரை வெளிநாடு போனதில்லை. குஞ்சிதபாதம் சிங்கப்பூரும் துபாயும் போய் வந்தவர். துணைக்கு வருகிறேன் என்றார். அம்மா சரி என்றார். அப்படிச் சொன்னதை நினைத்துப் பிறகு பலமுறை பெருமூச்சு விட்டார்.

கிளம்பும் முன் குஞ்சிதபாதம் ஊரெல்லாம் யோசனை கேட்டார். வெளிநாட்டில் யாரையும் நம்பக்கூடாது என்றார்கள். சிரித்துப் பேசுகிறவனிடம் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். குரலை உயர்த்தினால்தான் காரியம் நடக்கும். கண்டதைத் தின்னக்கூடாது. பாஸ்போர்ட் உடம்பை விட்டு இறங்கவே கூடாது. அவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டார். விமானத்தில் அம்மா ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்கும்போதெல்லாம், மேகம் எங்கேயும் போகாது, கைப்பையைப் பாருங்கள் என்று நினைவூட்டினார்.

லாவோஸில் இறங்கி, பஸ் பிடித்து, ஆற்றோர ஊர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து கிராமத்துக்குச் சாலை கிடையாது. மறுநாள் காலையில் படகில் போக வேண்டும்.

அவர்கள் தங்கிய விடுதியை நடத்தியவள் கம்லா என்ற நடுவயதுப் பெண். பயணிகளோடு பழகிப் பழகிக் கொஞ்சம் ஆங்கிலம் பேசுவாள். கைகூப்பி வரவேற்றுத் தன் பெயரைச் சொன்னாள்.

குஞ்சிதபாதம் அம்மாவிடம் திரும்பி, கமலா, நம்ம ஊர்ப் பேர்தான் என்றார். கம்லா என்று அவள் மறுபடி சொன்னாள். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்று அவர் அவளைக் கமலா என்றே கூப்பிட்டார்.

செருப்பை வாசலிலேயே விடச் சொன்னபோது அவருக்குச் சந்தேகம் வந்தது. செருப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். மூங்கில் கூடையில் அவள் கொண்டுவந்து வைத்த சாதத்தை அவர் தொடவில்லை. தன் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். அம்மா சாப்பிட்டார். வயிற்றைப் புரட்டுகிறதா, தலை சுற்றுகிறதா என்று அவர் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

"இதுவரைக்கும் இல்ல," என்றார் அம்மா. "நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா வரும்."

மறுநாள் காலை படகுத்துறைக்குப் போனார்கள். படகுக்காரர் பெயர் பூன்மி. மெலிந்த மனிதர், நாற்பது வயது இருக்கும். பைகளை வாங்கி, நனையாமல் பலகைக்கு மேல் வைத்தார். அம்மா ஏறக் கைகொடுத்தார்.

படகு கிளம்பும் நேரத்தில் குஞ்சிதபாதம் இடுப்பைத் தடவிப் பார்த்தார். பாஸ்போர்ட் வைத்திருந்த பை இல்லை.

பைகளைத் தொட்டவர் ஒருவர்தான். எழுந்து பூன்மியின் கையைப் பிடித்தார். எங்கே என்று கத்தினார். திருடன் என்று ஆங்கிலத்தில் சொன்னார், தமிழிலும் சொன்னார். பூன்மி வைத்திருந்த துணிமூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அதில் ஒரு சட்டையும் சாப்பாட்டுப் பொட்டலமும் இருந்தன. மற்ற பயணிகள் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பூன்மி சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் குஞ்சிதபாதத்துக்கு இன்னும் தலைக்கேறியது. பிடிபட்டவன் சிரிக்கிறான் பாருங்கம்மா என்றார்.

அம்மா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "குஞ்சிதபாதம், உங்க முதுகுல சட்டைக்குள்ள புடைச்சிக்கிட்டு இருக்கே, அது என்ன?"

அதுதான் பாஸ்போர்ட் பை. பட்டையைத் தளர்வாகக் கட்டியதால் சுற்றிக்கொண்டு பின்னால் போயிருந்தது.

பூன்மி குனிந்தார். சிதறிக் கிடந்த சட்டையை மடித்து வைத்தார். பிறகு அவர்கள் இருவரின் பைகளையும் எடுத்து, அதே கவனத்தோடு கரையில் வைத்தார். அம்மா இறங்கினார். குஞ்சிதபாதமும் இறங்க வேண்டியதாயிற்று. படகு போய்விட்டது.

குஞ்சிதபாதம் கெட்டவர் அல்ல. அன்று மாலை படகு திரும்பும்வரை துறையிலேயே காத்திருந்தார். பூன்மி கரை ஏறியதும் எதிரே போய், ஊரே கேட்கட்டும் என்று உரத்த குரலில் மன்னிப்புக் கேட்டார். ஊரில் மகன் வயதுக்காரனிடம் செய்வதுபோல, பாசமாக அவர் தலையில் கைவைத்துத் தடவிக் கொடுத்தார்.

பூன்மியின் முகம் இறுகியது. கரையில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எந்தப் படகும் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் எஞ்சின் பழுது என்றார். ஒருவர் நாளைக்கு என்றார். காலிப் படகில் உட்கார்ந்திருந்த இன்னொருவர், இடமில்லை என்றார். எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். மறுநாளும் அப்படியே போயிற்று. கிராமத்திலிருந்து இளம் பிக்குணி ஒருத்தி போன் செய்தாள். மூச்சு இருக்கிறது, எப்போது வருவீர்கள் என்று கண்ணாலேயே கேட்கிறார் என்றாள். படகு கிடைத்ததும் வருகிறோம் என்று அம்மா சொன்னார். போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் விடுதியில் குஞ்சிதபாதம் வெடித்தார்.

"என்ன ஜனங்கம்மா இது? கோவம்னா திட்டணும், இல்ல சண்டைக்கு வரணும். சிரிச்சிக்கிட்டே மாட்டேங்கிறாங்க. நானும் மன்னிப்புக் கேட்டாச்சு. இதுக்கு மேல என்ன செய்யறது? இந்த மாதிரி ஊர்ல எப்படித்தான் நடந்துக்கணும்? நீங்களாவது சொல்லுங்க."

அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவர் குரல் எப்போதும்போலத் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அதில் ஈரம் இல்லை.

"கிளம்பறதுக்கு முன்னாடி யார் யாரைக் கேட்டீங்க?"

"மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் பேங்காக் வரைக்கும் போனவர். அப்புறம் டிராவல்ஸ்காரர். போன்லயும் நிறையப் பார்த்தேன்."

"அதுல இந்த ஊர்க்காரங்க யாரு?"

உள்ளே கம்லா கீரை நறுக்கும் சத்தம் கேட்டது.

"அவங்க அங்கதான் இருக்காங்க. நாம வந்ததுலேர்ந்து அங்கதான் இருக்காங்க," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குஞ்சிதபாதம் வெகுநேரம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார். உங்கள் பெயரை நான் சரியாகச் சொல்கிறேனா என்று முதலில் கேட்டார். அவள் சிரித்து, பெயரைச் சொன்னாள். நாக்கு வளையும்வரை அவர் சொல்லிப் பார்த்தார். அவள் ஒரு முக்காலியைப் போட்டு, கொதிக்கும் நூடுல்ஸ் சூப்பை அவர் முன்னால் வைத்தாள். இந்த முறை அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, நடந்ததை எல்லாம் சொன்னார்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான் என்றாள் கம்லா. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக விளக்கினாள். இங்கே நாலு பேர் நடுவில் கத்தினால், திட்டு வாங்கியவரின் மானத்தோடு கத்தியவரின் மானமும் போய்விடும். தலை என்பது உடம்பிலேயே உயர்ந்த இடம். வளர்ந்தவர்களுடைய தலையில் அந்நியர் கை படவே கூடாது.

எல்லாம் சரி, ஆனால் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்றார் அவர்.

கம்லா கத்தியைக் கீழே வைத்தாள். யோசித்து யோசித்து, இந்தப் பொருள்படச் சொன்னாள்:

"உங்களைப் பார்த்து அவர் சிரிக்கல. எல்லார் முன்னாடியும் நீங்க அசிங்கப்பட்டு நின்னீங்க. அதுலேர்ந்து நீங்க திரும்பி வர ஒரு வழி வேணும். அந்த வழியைத் திறந்து விடத்தான் சிரிச்சாரு."

சூப் பாதியிலேயே ஆறிப்போயிற்று.

விடிந்ததும் குஞ்சிதபாதம் பூன்மியின் வீட்டுக்குப் போனார். கம்லா சொல்லிக் கொடுத்தபடி செருப்பைப் படிக்குக் கீழே விட்டார். பூன்மி பாயில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் அவரைவிடத் தாழ்வாக, வெறுந்தரையில் உட்கார்ந்து கைகூப்பினார். மன்னிப்புக்கு அந்த ஊர் மொழியில் கற்றுக்கொண்ட ஒரே சொல்லைச் சொன்னார். "கோத்தோட்." அவருக்கே கேட்டும் கேட்காததுமான குரல்.

பூன்மி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குஞ்சிதபாதம் அதை முழுவதும் குடித்தார்.

இந்த முறை பூன்மி சிரிக்கவில்லை. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தார்.

படகு அம்மாவையும் அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. இரு கரையிலும் மலைகள் வந்துகொண்டே இருந்தன. வெயில் ஏறியபோது கிராமம் தெரிந்தது. வெள்ளை உடுத்திய பிக்குணிகள் படித்துறையில் நின்றிருந்தார்கள். அவர்கள் நின்ற விதத்திலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

மூத்த பிக்குணி முந்தின நாள் பொழுது சாயும்போது போய்விட்டிருந்தார். கடைசிவரை வாசலைப் பார்த்தபடி இருந்தார் என்று இளம் பிக்குணி சொன்னாள்.

அம்மா சற்று நேரம் தண்ணீரைப் பார்த்து நின்றார். பிறகு படியேறத் தொடங்கினார். குஞ்சிதபாதம் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பாதிப் படியில் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் அன்னைக்குக் கத்தாம இருந்திருந்தா, உசுரோட பார்த்திருப்பீங்க."

"ஆமா," என்றார் அம்மா.

போகட்டும், விடுங்கள் என்று அவர் சொல்வாரென்று குஞ்சிதபாதம் எதிர்பார்த்தார். அம்மா அப்படிச் சொல்லவில்லை.

"என் மேல கோவமா?"

"ஆமா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். பையை இப்படிக் குடுங்க, ஒண்ணை நான் எடுத்துக்கறேன்."

மேலே கூடத்தில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பூக்கள் இருந்தன. மெழுகுவத்திகள் எரிந்தன. ஊர் ஜனங்கள் ஓரமாக உட்கார்ந்து சன்னக் குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி சிரிக்கக்கூடச் செய்தாள். யாரும் அழவில்லை.

குஞ்சிதபாதம் வாசலிலேயே நின்றுவிட்டார். ஊராக இருந்தால் நேரே போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பார். கைகள் பாதி எழுந்து நின்றன. தொடலாமா, எந்தப் பக்கம் உட்காருவது, அழலாமா என்று தெரியவில்லை. மெல்லக் குருவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, இங்க எப்படிக் கும்பிடணும்?"

அம்மா தன் தோழியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும் தெரியாது. வாங்க, இந்த ஊர்க்காரங்களைக் கேட்போம்."